பனியில் தடம் பதியுமா

பனியில் கால்தடம் பதியுமா, பதியாதா?

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று குளிர் நாடுகளுக்குப் போய், கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, பனிக்குள் நின்று படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் நமக்குப் பத்துப் பதினொரு வயதாக இருந்தபோது, கிரானுக்கு மேற்கே தண்ணீர் தாண்டிக் கிடந்த நம் ஊரில் இதற்குப் பதில் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஐஸ்பழம் தெரியும். மீன் பெட்டிக்குள் போடும் ஐஸ் கட்டி தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க வழக்குப் பேசினார்கள் நம் பெரியவர்கள். தீர்ப்பும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு என் சின்னம்மாவின் தலையில் விழுந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் அக்கா பெரியபிள்ளையான வருடம் அது. கச்சான் காற்று அடிக்கிற காலம். ஆறு வற்றிப் பின்னால் போயிருந்தது. வாவி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல், நமக்கு அது எப்போதும் ஆறுதான். கரையெல்லாம் சேறு காய்ந்து வெடித்து, கண்ணா மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் புழுதி. காற்றில் கருவாட்டு மணமும் சூடான மண் மணமும் கலந்து வரும். அந்த மணம் இப்போதும் சில நாட்களில் காரணமில்லாமல் என் மூக்கில் வந்து நிற்கிறது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கச்சி. எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் அவளுடைய வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், ஆண் கல்யாணம் கட்டி அங்கே வந்து சேருவான். அப்படி வந்து சேர்ந்தவர் சித்தப்பா. சிரித்தால் கடைவாய்ப் பல் தெரிகிற மனிதர். முந்தின மாரியில் வயல் வட்டையில் தண்ணீர் கட்டப் போனவர் திரும்பி வரவில்லை. வழியில் ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். என்ன வாகனம், யார் ஏற்றியது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சின்னம்மா ஏறாத வாசல் இல்லை. கடைசியில் போவதற்கு வாசலும் இல்லாமல் போனது. அவளோடு இருந்தது அவளுடைய ஒரே மகள். நாலு வயது. வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தக் காலத்தில் சின்னம்மா கிணற்றடிக்கு வந்தால் பெண்கள் முதலில் அவள் நெற்றியைத்தான் பார்ப்பார்கள். பொட்டு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஒரு கதை, இல்லாவிட்டால் இன்னொரு கதை. அவள் கடுகளவில் ஒன்று வைத்திருந்தாள், உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. உடம்பு வற்றிப் போயிருந்தது. மகளுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுவிடுவாள்.

அக்காவுக்குத் தண்ணீர் வார்க்கும் சாமத்திய வீட்டுக்கு நாள் வைத்தபோது அம்மாவுக்கு இதுதான் பெரிய தலையிடி. ஆலாத்தி எடுப்பதற்குச் சொந்தச் சின்னம்மாவைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருத்தியின் கையில் தட்டைக் கொடுக்கவும் ஊர் விடாது. சின்னம்மா அம்மாவுக்கு அந்தச் சங்கடத்தை வைக்கவில்லை. விடியவே வந்து குசினிக்குள் போய், தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டு மண்டபத்துப் பக்கம் தலை காட்டவே இல்லை.

நல்ல நேரம் பின்னேரம்தான். அதுவரைக்கும் சனத்தைப் பிடித்து வைக்க டெக் எடுத்துப் படம் போடுவது அப்போதைய வழக்கம், உங்களுக்குத் தெரியும். இரவில் வெளிச்சம் காட்ட ஏலாத காலம் என்பதால் பகல் காட்சி. ஓட்டமாவடியில் வீடியோக் கொப்பிக் கடை வைத்திருந்த நானா, டீவியையும் டெக்கையும் ஜெனரேட்டரையும் தோணியில் ஏற்றி, தன் பிள்ளையைப் போல மடியில் அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஜன்னல்களில் நெல் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். உள்ளே புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். சாக்கு நாற்றம், மண்ணெண்ணெய்ப் புகை, மல்லிகைப் பூ, வியர்வை. நமக்கு அது தேவலோகம்.

முதலாவதாக ஒரு குடும்பப் படம் ஓடியது. எல்லோரும் அழுது முடித்தார்கள். இரண்டாவது சாமிப் படம் என்று நானா கவரைத் தூக்கிக் காட்டினார். கவரில் சாமி இருந்தது. கொப்பியைப் போட்டால் திரையில் தொப்பி போட்ட பட்டாளக்காரர் வரிசையாக நடந்து போகிறார்கள்.

"என்ன நானா இது?"

"வாப்பாவாண கொப்பி மாறிட்டு தம்பி. கவர்ல சாமிதான் இரிக்கி. உள்ளுக்கு வேற என்னமோ இரிக்கி."

நிப்பாட்டுவோமா என்று அவர் கேட்டபோதுதான் மாமா எழும்பினார். மாமா அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த அண்ணன். வாழைச்சேனையில் மாமி வீட்டில் இருந்தார். கந்தோர் ஒன்றில் கிளாக்கர். ஆங்கிலப் பேப்பரைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு நடப்பார். ஊரில் எதற்கும் அவர் சொல்லுத்தான்.

"ஓடட்டும். நான் விளங்கப்படுத்துறன்" என்றார்.

அது என்ன பாஷை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆங்கிலம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். வாயைக் கொடுத்தவர் பின்வாங்க முடியாமல், கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆள் வாய் திறக்கும்போதெல்லாம் ஒன்றைச் சொன்னார். "அவன் சொல்றான், அரிசி முடிஞ்சிட்டாம். மறுகா இவன் சொல்றான், ஒருத்தரும் வெளிய போகப்படாதாம்." அந்த நாட்டில் அரிசி ஏது என்று கேட்க நமக்கு அறிவும் இல்லை, துணிவும் இல்லை.

கதை இதுதான். சண்டை நடக்கிற ஒரு நாடு. எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று பனி. கைவிடப்பட்ட ஒரு மாவு ஆலையில் கொஞ்சப் பட்டாளக்காரர் காவலுக்கு வந்து தங்குகிறார்கள். பொழுது படும்போது ஆலைச் சக்கரம் தன்பாட்டில் சுற்றும். சுற்றும்போது ஒருவனுடைய பேரைச் சொல்லி அவன் வீட்டு ஆளின் குரல் வெளியே கூப்பிடும். பதில் சொன்னவன் எழும்பிப் போவான். விடிந்தால் மற்றவர்களோடு வந்து உட்கார்ந்திருப்பான், ஆனால் சாப்பிடமாட்டான். அப்படி ஒவ்வொருவனாகச் சாப்பிடாமல் போகிறார்கள். நம் ஊரிலும் பொழுது படுகிற மம்மல் நேரத்தில் யாராவது ஒரு தரம் கூப்பிட்டால் பதில் சொல்லாதே என்பார்கள்தானே? அதனால் மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் அந்தப் பேயை நம்புவதில் கஷ்டம் இருக்கவில்லை.

மிஞ்சிய ஒருவன் ஆலையை விட்டு ஓடுகிறான். அவன் பதில் சொன்னவனா, சொல்லாதவனா என்று காட்டமாட்டார்கள். நடந்து நடந்து தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். தட்டுகிறான். பெண்சாதி கதவைத் திறக்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறாள். கதவு சாத்துகிறது. வெளியே இருந்து அந்த வீட்டைக் காட்டுகிறார்கள். வாசல்வரைக்கும் ஒரே பனி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. படம் முடிந்துவிட்டது.

ஜெனரேட்டரை நிற்பாட்டினார்கள். சாக்குகளைக் கழற்றினார்கள். வெளிச்சம் கண்ணில் குத்தியது. அதற்குப் பிறகு தொடங்கியது வழக்கு.

"தடம் எங்க?" என்றார் தயிர்க்காரர். மாட்டோடும் சேற்றோடும் திரிகிறவர், அவர் கண்ணுக்குத்தான் அது முதலில் பட்டிருந்தது. "அவ்வளவு தூரம் நடந்து வந்தவன்ட தடம் எங்க? நம்மட ஆத்தங்கரையில ஒரு கொக்கு நடந்தாலும் தடம் இரிக்கும். வந்தது ஆள் இல்ல, ஆவி."

"ஆவிக்கு எவள் கதவு திறப்பாள்?" என்றாள் மருத்துவிச்சி. நம்மில் முக்கால்வாசிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவள், அவளுக்கு ஒருவருக்கும் பயம் இல்லை. "பொண்டாட்டிக்குத் தெரியாதா, உசிரோட வாறானா இல்லையா எண்டு?"

"அது சேறு, இது பனி. பனியில பதியும் எண்டு நீ கண்டியா?"

"பதியாது எண்டு நீ கண்டியா?" என்று தயிர்க்காரர் பாய்ந்தார்.

நானாவைக் கேட்டார்கள். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "எடுத்தவனுக்கே தெரியாது போல இரிக்கி. என்னைய விடுங்க."

சத்தம் கூடிக்கொண்டு போனது. அப்போது குசினி வாசலில் சின்னம்மா வந்து நின்றாள். எப்போது வந்தாள், எவ்வளவு பார்த்தாள் என்று யாருக்கும் தெரியாது. கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"அண்ணன்," என்றாள். "அவன் உள்ளுக்குப் போனானா, வெளியிலயே நிண்டிட்டானா?"

அவள் படத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அங்கிருந்த ஒருவரும் நினைக்கவில்லை. பத்து வயதான எனக்கே விளங்கியது. மாமா அவளைப் பார்த்தார், தயிர்க்காரரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உள்ளுக்குத்தான் போனான். உசிரோடதான் போனான். பனி எண்டுறது கருங்கல்லு மாதிரி புள்ள. யானை நடந்தாலும் தடம் பதியாது. நான் புத்தகத்துல வாசிச்சிரிக்கன்."

தயிர்க்காரர் வாயைத் திறந்தார். மருத்துவிச்சி அவர் துடையில் ஒன்று போட்டாள். அதோடு எல்லோரும் "ஓம், ஓம், பதியாதுதான்" என்று தலையாட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்குப் போய்ச் சின்னம்மாவின் கையைப் பிடித்தாள். "வாகா. கையைக் கழுவிட்டு வா. பிள்ளைக்கு ஆலாத்தி எடு."

அன்று பின்னேரம் சின்னம்மா பொட்டைப் பெரிதாக்கி, அம்மாவின் சிவப்புச் சேலையை உடுத்துக்கொண்டு, மஞ்சள் தண்ணீர்த் தட்டைத் தூக்கி அக்காவுக்குச் சுற்றினாள். வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகளின் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. அவ்வளவு வடிவாக அவளை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. ஒரு நல்ல பொய் சொன்னதற்காக எல்லோரும் மாமாவை மெச்சினார்கள். மாமாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் தோணி ஏறினார். நானும் அவரை மெச்சினேன். இன்றைக்கும் அவரில் முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருகுதில்லை, அதுதான் என் கஷ்டம்.

சின்னம்மா மறுநாளிலிருந்து சாப்பிடத் தொடங்கினாள். தலை வாரி இழுத்தாள். மகளோடு சிரித்துப் பேசினாள். பொழுது படும்போது சித்தப்பாவின் எனாமல் கோப்பையில், நீல விளிம்பு போட்டது, சோறும் கறியும் வைத்து இன்னொரு கோப்பையால் மூடி வைத்தாள். வட்டையிலிருந்து பிந்தி வருகிற புருஷனுக்கு நம் ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அதனால் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கதவுக்குக் கொளுக்கி போடாமல் விட்டாள். சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது. தள்ளினால் திறக்கும்.

அது என்ன காலம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பூட்டின கதவையே தட்டுகிற காலம். தட்டினால் யார் என்று கேட்கவும் பயந்த காலம். ஒவ்வொரு குடும்பமாக ஆறு தாண்டி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களையும் வாழைச்சேனைக்கு வரச் சொல்லி மாமா ஆள் அனுப்பினார். அம்மா மூட்டை கட்டிவிட்டுச் சின்னம்மாவைக் கூப்பிட்டாள். அவள் வரமாட்டேன் என்றாள். "அவர் வந்து சேர்ந்த வீடு இது அக்கா. வந்தா இஞ்சதானே வருவார்" என்றாள்.

"அப்ப கதவையாவது பூட்டுகா. பிள்ளைய நினைச்சுப் பார்."

"பூட்டிக் கிடந்தா, போயிட்டம் எண்டு நினைச்சுத் திரும்பிருவார்."

மாமா தானே வந்தார். கட்டின முடிச்சை அவிழ்க்க வந்தார் பாவம். "அது படம் புள்ள. நான் சும்மா சொன்னன். பனியில தடம் பதியும். வந்தது ஆவிதான். செத்தவன்தான் வந்தான்" என்று சொல்லிப் பார்த்தார்.

சின்னம்மா கோபிக்கவில்லை. ஆறுதலாகச் சொன்னாள். "அண்டைக்கு உசிரோட வந்தான் எண்டீங்க. இண்டைக்குச் செத்து வந்தான் எண்டுறீங்க. எப்படி வந்தா என்ன அண்ணன்? வந்தவனுக்கு வழி விடத்தானே வேணும்."

மாமாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் முடிந்தது. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அன்று மத்தியானமே மாமா முடிவைச் சொன்னார். "கதவைப் பூட்டு. இல்லாட்டிப் பிள்ளைய எங்களிட்டத் தா. ரெண்டில ஒண்டு."

சின்னவள் அப்போது கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள். மாமா சொன்னது அவள் காதில் விழுந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு எதுவும் விளங்காது என்று பெரியவர்கள் நினைக்கிறார்களே, அதைப் போல ஒரு மடத்தனம் உலகத்தில் இல்லை.

சின்னம்மா பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினாள். தலை சீவி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, ஆலாத்தி எடுத்த அன்று போட்ட அதே சட்டையைப் போட்டுவிட்டாள். வாசலுக்குக் கூட்டி வந்தாள். ஓரமாக ஒதுங்கி நின்று, பிள்ளைக்கு வழி விட்டாள். தோணி துறையை விட்டுப் போகும்வரை அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மாமி பிறகு சொன்னாள்.

எனக்கு ஒரு விஷயம்தான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. அவளைப் பூட்டு என்றார்கள், வா என்றார்கள், தா என்றார்கள். நாங்கள் வந்து உன்னோடு அந்த வீட்டில் படுக்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பயந்தோம். பயந்ததைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பயத்துக்கு அவள் புத்தியைக் குற்றம் சொன்னது பிழை.

அடுத்த அறுவடைக்கு அப்பா வயல் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். கொஞ்ச நாள் சின்னம்மா வீட்டில்தான் தங்கினோம். என்னைக் கண்டதும் அவள் கட்டிப்பிடித்து மோந்து பார்த்தாள். என்னில் சின்னவளின் மணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். பொழுது பட்டது. அவள் மூடி வைத்த கோப்பைகளைப் பார்த்தேன். ஒன்றாக இருந்தது இரண்டாகியிருந்தது.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு கோப்பையா?" என்று கேட்டுவிட்டு அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாமாவிடம் போய், "முத்திட்டு அண்ணன்" என்றாள். சின்னவளை இனி அங்கே அனுப்புகிற பேச்சே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவானது. அதற்கு மேல் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விடிந்த பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

காலம் போனது. சின்னவள் எங்களோடு வளர்ந்தாள், படித்தாள், கல்யாணம் கட்டி வெளிநாட்டுக்குப் போனாள். சண்டையும் முடிந்தது. ஊருக்கு வரும்போது எங்களைப் பார்ப்பாள், ஆறு தாண்டிப் போகமாட்டாள். தாய் ஒருமுறை கிரான் சந்திவரைக்கும் வந்து நின்றாள். சின்னவள் வாகனத்தை விட்டு இறங்கவில்லை. மாமா சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "எனக்கு அந்தப் பாஷையே தெரியாது மகள்" என்று சொல்லி அழுதார். எங்களுக்கு எப்போதோ தெரியும் மாமா என்றேன். பிறகு சின்னம்மாவும் போனாள். செத்த வீட்டுக்குச் சின்னவள் வரவில்லை. தொலைபேசியில் ஒன்று சொன்னாள். "அவவுக்குத்தான் கதவு இரிந்ததே அக்கா." அந்தக் கதவைக் கறையான் தின்றுவிட்டது. நீல விளிம்புக் கோப்பையை யார் எடுத்துப் போனார்களோ தெரியாது.

போன தை மாதம் சின்னவள் என்னைத் தன்னிடம் கூப்பிட்டாள். போனேன். பெரிய வீடு, சுத்தமான வீடு. ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. யாராவது வெளிக் கதவைத் திறந்தால் உள்ளே இருந்து கத்துவாள். "கதவு! கதவு! சூடெல்லாம் போகுது!" நான் குப்பை வாளியை வெளியே வைத்துவிட்டு வருவதற்குள் மூன்று தரம் ஏச்சு வாங்குவேன்.

அவளுடைய மகன் நெட்டையாக வளர்ந்த பொடியன். ஒருநாள் பொழுதுபோக்காக இந்தப் படக் கதையை அவனுக்குச் சொன்னேன். ஆலை, சக்கரம், சாப்பிடாத ஆட்கள் என்று சொல்லச் சொல்லத் தன் போனில் எதையோ தட்டினான். "இதுவா பெரியம்மா?" என்றான். அதேதான்! அந்தத் தொப்பிகள், அந்த வரிசை.

பட்டப்பகலில் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆலை எவ்வளவு சின்னதாக இருந்தது! பேயைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை. முழுப் படத்திலும் அரிசி என்ற பேச்சே இல்லை என்று பொடியன் திரையின் கீழே ஓடிய எழுத்துகளை வாசித்துச் சொன்னான். கடைசிக் கட்டம் வந்தது. கதவு திறந்தது. அவள் பார்த்தாள், ஒதுங்கினாள். கதவு சாத்தியது. தடமில்லாத பனி. சின்னவள் திரையைப் பார்க்கவில்லை, தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நிறையப் பேர் விளக்கம் சொல்லியிருக்காங்க" என்றான் பொடியன். உயிரோடு வந்தான் என்று ஒரு கூட்டம். ஆவி என்று ஒரு கூட்டம். பெண்சாதியும் செத்தவள்தான் என்று இன்னொரு கூட்டம். "எடுத்தவரிட்டயே கேட்டாங்களாம். சொல்லமாட்டன் எண்டுட்டாராம்." ஓட்டமாவடி நானா வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னது இதைத்தான்.

"மகன், பனியில தடம் பதியுமா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். வாசலில் இருந்து படலை வரைக்கும் என் காலடி, ஆத்தங்கரைச் சேற்றில் பதிவது போலக் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்து கிடந்தது. தயிர்க்காரர்தான் சரி. உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தேன். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. தேத்தண்ணி முடிந்து எட்டிப் பார்க்கிறேன், ஒரு தடமும் இல்லை. நான் நடக்கவே இல்லை என்பது போல வெள்ளையாகக் கிடந்தது. அப்போ மாமாவும் சரி. எங்கள் மண்டபத்தில் தொண்டை கிழியக் கத்திய அத்தனை பேரும் சரி. அந்த வீட்டில் சின்னம்மா ஒருத்திக்கு மட்டும்தான் அந்த வழக்கு தேவைப்படவே இல்லை.

வாசலைத் திறந்துகொண்டு நின்றேன். பின்னால் சின்னவள் வந்தாள். கதவு என்று கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா கதவத்தான் பிடிச்சவ அக்கா" என்றாள். "என்னைய விட்டுட்டா."

அப்போதுதான் அந்த விடியற்காலையை அவளுக்குச் சொன்னேன். முப்பது நாற்பது வருடமாக யாரும் கேட்காததை. விடிந்ததும் சின்னம்மா இரண்டு கோப்பைகளையும் திறந்தாள். சித்தப்பாவின் சோற்றை ஒரு வாழையிலைத் துண்டில் கவிழ்த்து, வேலியோரம் கொண்டுபோய் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். செத்தவர்களுக்கு வைப்பது போலவே முறையாக வைத்து, கையெடுத்துக் கும்பிட்டாள். பொழுது பட்டால் உயிரோடு வருகிறவருக்குக் கோப்பை, விடிந்தால் போய்விட்டவருக்கு இலை. இரண்டு பக்கத்துக்கும் குறை வைக்காமல் அவள் ஒவ்வொரு நாளும் செய்தாள். புத்தி பேதலித்தவளால் அப்படிச் செய்ய முடியுமா?

"மற்றக் கோப்பை?" என்று கேட்டாள் சின்னவள்.

"அது உன்ட. அதை இலையில போடமாட்டா. காகம் கிட்ட வந்தாலும் கலைச்சிருவா. எனக்கு முன்னால வச்சு, 'நீ தின்னு மகள், சின்னவள்ற பங்கு. அவள் அங்க இப்ப சாப்பிட்டிருப்பாள்' எண்டு சொன்னா. நான் இல்லாத நாள்ல அவவே தின்னுவாவாம்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த சூடெல்லாம் எங்கள் காலடியால் போய்க்கொண்டிருந்தது. படலைக்கும் வாசலுக்கும் நடுவில் யாருமே இல்லை. சின்னவள் ஓரமாக ஒதுங்கி, வழி விட்டு நின்றாள். கதவைச் சாத்த அவளுக்கு வெகு நேரம் எடுத்தது.